கோயில் திரைக்குள் போகுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம் செய்து, அதில் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்களாமே, நம்பலாமா? (வாசகர், தலவாக்கலை)

நம்புங்கள். பிரிட்டனில் 2004 மே மாதமே மெதடிஸ்த சபையின் ஆதரவோடு ‘சேர்ச் ஒஃப் ஃபூல்ஸ்’ என்று ஓர் இணையக் கோயிலைத் திறந்துவிட்டார்கள். முதல் பிரசங்கத்தை அப்போதைய லண்டன் ஆயர் ரிச்சர்ட் சார்ட்ரஸ் வைத்தார். போனவருக்கு ஒரு பொம்மை உருவம் கிடைத்தது. அது பெஞ்சில் உட்கார்ந்தது, முழந்தாளிட்டது, கை உயர்த்தியது. சிலர் உள்ளே புகுந்து கெட்டவார்த்தை பேசியதால் காவலுக்கும் ஆள் வைத்தார்கள். 2016-ல் அமெரிக்கப் போதகர் டி. ஜே. சோட்டோ ‘வீ.ஆர். சேர்ச்’ தொடங்கினார். கண்ணில் கருவியை மாட்டினால் சபை உங்களைச் சுற்றி நிற்கும். நோயால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவர்களும் அங்கே வருகிறார்கள். அவர்களை நினைத்தால் இதை விளையாட்டு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அந்தக் கருவி என்ன விலை? (மாணவன், கொட்டகலை)

2024-ல் மெட்டா குவெஸ்ட் 3எஸ் வந்தபோது 299 டொலர். அப்போது நம் இலங்கைக் காசில் ஏறக்குறைய 90,000 ரூபாய், வரி தனி. அதே ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழாமல் அறுபத்தேழு நாள் தேயிலைக் கொழுந்து எடுத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் வைத்தால் உங்கள் அம்மா ஒன்று வாங்கலாம். நமக்கு இப்போதைக்குப் போன்தான் தம்பி.

கேள்வி: போனில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா? நன்மை (நற்கருணை) வாங்கலாமா? (வாசகி, நோர்வூட்)

இரண்டும் முடியாது. இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே எழுதிவிட்டது. மனதால் நன்மை வாங்கலாம். அதற்கு சிக்னலும் வேண்டாம்.

கேள்வி: நம் நாட்டில் இந்தத் திரைப் பூசை கொரோனாவோடு வந்ததுதானே? (வாசகர், ராகலை)

ஒரு வருடம் முந்தி வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் எங்கும் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த ஞாயிறு கோயில்கள் பூட்டிக் கிடக்க, கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதோம்.

அடுத்த வருடம் கொரோனா. ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. கொழுந்து மலைக்கு ஏறலாம், கோயிலுக்குப் போகக் கூடாது. 2020 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு. எங்கள் தோட்டத்து லயக் காம்பராவில் போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்து, பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தினோம். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முழந்தாளில் இருந்தார். பாதர் அப்பத்தை உயர்த்தும் நேரம் பார்த்துத் திரை உறைந்து வட்டம் சுற்றத் தொடங்கியது. யாரும் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராவின் போனில், அரை நிமிடம் பிந்தி ஓடிய அதே பூசையின் மணிச்சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அம்மா அதற்குத் தலை குனிந்தார். நூறு வருடமாக நாம் சபிக்கிற மெல்லிய லயத்துச் சுவர். அன்று எங்கள் சபை அதன் வழியாகத்தான் கூடியது.

கேள்வி: கோயிலுக்குப் போனால் நான் யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி என்று பார்க்கிறார்கள். திரைக்குள் யாருக்கும் தெரியாது. அதுதானே நல்ல சபை? (இளைஞர், பொகவந்தலாவ)

நீங்கள் சொல்வது எனக்கும் தெரிந்த கதை. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை வாங்கிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும் ‘என்ன ஆளுங்க?’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பாவம். அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். ஆனால் உருவத்தை மாற்றிக்கொண்டால்தான் மதிப்பு என்றால், அந்த மதிப்பு பொம்மைக்குத்தான் போகிறது. உங்களுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. உயிர்த்த இயேசு காயத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை, தோமாவுக்குத் தழும்பைக் காட்டினார். உங்கள் பெயரோடு, உங்கள் லயத்தின் பெயரோடு முன் பெஞ்சில் வந்து உட்காருங்கள். திருவிழாக் கமிட்டியில் இடம் கேளுங்கள். எழும்பிப் போகிறவர் போகட்டும். திரைக்குள் கிடைத்த தைரியத்தை அதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: குவைத்தில் வீட்டு வேலை. வெளியே விடமாட்டார்கள். இரவில் குளியலறையில் இருந்து போனில் பூசை பார்க்கிறேன். பாவமா? (மஸ்கெலியா வாசகி)

பாவமா? தங்கச்சி, பவுல் சிறைக்குள் இருந்து எழுதிய கடிதங்களைத்தான் இன்றும் நம் பீடத்தில் வாசிக்கிறோம். நீங்கள் இருக்கிற அந்த அறையும் கோயில்தான். 2020 மார்ச்சில், ஊடகம் வழியாகப் பூசையில் ஒன்றித்த கொரோனா நோயாளருக்கே வத்திக்கான் பரிபூரண பலன் அறிவித்தது. ஒன்று மட்டும்: யோவான் தம் இரண்டாம் கடிதத்தை முடிக்கையில், மையும் தாளும் கொண்டு எழுத மனமில்லை, நேரில் வந்து பேசவே விருப்பம் என்கிறார். அந்த ஏக்கத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் வரும் நாளில் உங்கள் பெஞ்சில் இடம் வைத்திருக்கும்படி உங்கள் தோட்டத்தாருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் போன் பூசையா, உபதேசியாரின் ஜெபமா? (வாசகர், கந்தப்பளை)

உபதேசியார். 1854-ல் அங்கிலிக்கன் சபையார் தொடங்கிய ‘தமிழ் கூலி மிஷன்’ காலத்திலும் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துதான் லயத்து வாசலில் ஜெபம் வைத்தார்கள். மணிலாவில் இருந்து வேரித்தாஸ் வானொலி சிற்றலையில் தமிழில் பேசிய காலத்திலும், கேட்டு முடித்தவர்கள் கோயிலுக்கு நடந்தார்கள். வானொலி 2018-ல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. உபதேசியார் இன்னும் உங்கள் வாசலுக்கு வருகிறார். யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். கோயில் முடிந்ததும் நடக்க முடியாத பாட்டிக்குப் போனில் பூசையைப் போட்டுக் காட்டுங்கள், கூடவே உட்காருங்கள்.

கேள்வி: சாவு வீட்டையும் இப்போது வீடியோவில் காட்டுகிறார்களே, சரியா? (வாசகி, ஹட்டன்)

போன வருடம் வரை சரியில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் தோட்டத்தில் ஒரு மூதாட்டி இறந்தார். அவருடைய அண்ணன் 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர், இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். பேரன் போனைப் பிடித்துக்கொண்டு எல்லாம் காட்டினான்: மாலை, மெழுகுதிரி, பந்தல் போட்ட பக்கத்து லயத்து இந்துக்கள். பெட்டி தூக்கும் நேரம் ஒரு தோள் குறைந்தது. பையன் போனைச் சட்டைப் பையில், கமரா வெளியே பார்க்கும்படி செருகிவிட்டு வந்து தோள் கொடுத்தான். தோட்டத்தின் கீழ்க் கணக்குப் பாதையில், மழையில் இறங்கினோம். ஐம்பது வருடத்துக்கு முன் அந்தப் பாதையில் நடந்த கிழவர், அவன் பைக்குள் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார்: “மெதுவா, மெதுவா. அந்தப் பலாமரத்துத் திருப்பத்துல வழுக்கும்.”