கத்தியா, பயிற்சியா?

முழங்கால் வலிக்கு ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்கிறார்களே... கத்திக்குப் பயந்தவர்கள் கட்டிவிட்ட கதையா?
- ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி

கட்டியது டாக்டர்களேதான்! அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டு தேய்ந்த 180 பேரில் சிலருக்கு ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கருவி விட்டு மூட்டைச் சுத்தம் செய்யும் ஆபரேஷன்) செய்தார்கள்; சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்தும் வலியில் வித்தியாசம் இல்லை என்று 2002இல் முடிவு வெளியானது. மூட்டுக்கு முட்டுக்கொடுப்பது தொடைத் தசை. அதைக் கத்தியால் வலுவாக்க முடியாது, பயிற்சியால் முடியும். ‘அன்றைய பிரதமர் வாஜ்பாயே டெல்லியிலிருந்து மும்பைக்குப் போய் 2000, 2001இல் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்துகொண்டாரே!’ என்பீர்கள். அது மூட்டையே மாற்றும் சிகிச்சை. முற்றிலும் தேய்ந்துபோய், பயிற்சியும் மாத்திரையும் கைகொடுக்காதவர்களுக்கு அது நியாயம்தான். ஆனால், மாற்றிய மறுநாளே கட்டில் பக்கத்தில் வந்து நிற்பவர் பிசியோதெரபிஸ்ட். அவரை ஏன் முன்கூட்டியே போய்ப் பார்க்கக் கூடாது?