ஒய்யை ஓரமா வை

பெங்களூரு வைட்ஃபீல்டில் அடுக்ககத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள், கணக்கு அப்பாக்கள். ஊர் சேலமாக இருக்கலாம், சங்கரன்கோவிலாக இருக்கலாம். படிப்பு பிளஸ் டூ வரை தமிழ்வழி. கணக்கில் 200-க்கு 200. அந்த இருநூறை இன்றைக்கும் ஆதார் அட்டை மாதிரி கையோடு வைத்திருப்பார்.

ஐடிபிஎல் பக்கத்து ஆபீஸிலிருந்து வீடு சேர ராத்திரி எட்டரை. 2023 மார்ச்சில் காடுகோடிக்கு மெட்ரோ வந்தபோது, “இனிமே ஏழு மணிக்கே வந்துடுவேன்” என்று சொன்னவர்தான். மெட்ரோ வந்தது. ஏழு மணிக்கு அமெரிக்காக்காரனின் மீட்டிங்கும் வந்தது.

செருப்பைக் கழற்றுமுன் ஒன்பதாம் வகுப்பு மகள் நோட்டை நீட்டுவாள்: 6 எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 13 எக்ஸ்ஒய் மைனஸ் 5 ஒய் ஸ்கொயர். மூவுறுப்புக் கோவையைக் கண்டதும் அவருக்குப் பசி போய்விடும்.

“ரெண்டு எழுத்து இருக்கேன்னு பயப்படாதே. ஒய்யை ஓரமா வை. முதல் கெழு ஆறு, கடைசி மைனஸ் அஞ்சு. பெருக்கு.”

“கெழுன்னா என்னப்பா?”

இங்கே வண்டி நின்றுவிடும். ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ்தான். ஆனால் அல்ஜீப்ரா மட்டும் அவர் தலைக்குள் இன்னும் தமிழ்வழியிலேயே படித்துக்கொண்டிருக்கிறது. ‘கோஎஃபிஷியன்ட்’ என்ற சொல் வந்து சேர ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருக்கும்.

அந்த இடைவெளியில் சரித்திரம் நுழையும். கர்நாடகத்தை ஆண்ட அமோகவர்ஷன் காலத்து மகாவீராச்சாரியார் 9ஆம் நூற்றாண்டில் கணித நூல் எழுதினாராம். அந்த ‘கணித சார சங்கிரக’த்தை 1912இல் சென்னையில் இங்கிலீஷில் கொண்டுவந்தவர் நம் ரங்காச்சாரியாராம். இரண்டும் உண்மைதான். ஆனால் காவிரிப் பேச்சு சூடாகும்போதெல்லாம் இதை அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இரண்டு மாநிலத்தையும் ஒற்றை ஆளாகச் சமாதானம் செய்யப் பார்ப்பார். ஒரு கட்டைவிரல்கூட விழாது.

“பெருக்கினா மைனஸ் முப்பது, கூட்டினா பதிமூணு. எந்த ரெண்டு நம்பர்?” கேட்பவரே பதிலும் சொல்வார்: “பதினஞ்சு, மைனஸ் ரெண்டு!” வேகத்தில் குறை சொல்ல முடியாது. நடு உறுப்பை உடைப்பார், இரண்டிரண்டாகச் சேர்ப்பார், பொதுவானதை வெளியே இழுப்பார். 3எக்ஸ் மைனஸ் 1, 2எக்ஸ் பிளஸ் 5. அடியில் இரண்டு கோடு. பேனாவை மூடும் ‘டிக்’ சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும்.

மகள் விடையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அப்பா, ஒய் எங்கே?”

“அதான் ஓரமா வெச்சோமே.”

“திரும்ப எடுக்கலையே.”

அவளே பென்சிலால் ஒன்றுக்குப் பதில் ஒய், ஐந்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஒய் போட்டுக்கொள்வாள்.

“மனசுக்குள்ள எடுத்துட்டேன்டா” என்பார் இருநூறுக்கு இருநூறு.

அடுப்படியிலிருந்து குரல் வரும்: “காலையில பால் பாக்கெட்டையும் இப்படித்தான் ஓரமா வெச்சீங்க. திரிஞ்சு போச்சு.”