கலை ஆர்வம் இல்லாத பிள்ளைகள்

"இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கலை ஆர்வமே இல்லை" என்று விழுப்புரத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியவராவது அங்கலாய்ப்பார். அவர்தான் மகள் கல்யாணத்துக்கு நாதசுரத்தை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் பேசிவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வைத்தவர்.

ஊரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதசுரம், தவில், தேவாரம் எல்லாம் உண்டு. நாதசுரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அங்கேதான் பெற்றோருக்குச் சந்தேகம்: நுழைவுத்தேர்வே இல்லாமல் கிடைப்பதெல்லாம் ஒரு படிப்பா? பரதத்துக்கு மட்டும் மவுசு. ஆண்டு விழாவில் வீடியோ எடுக்கலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் சலங்கையைக் கழற்றிப் பரணில் போடலாம்.

செஞ்சி, திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கிறது. இதைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இல் தடித்த புத்தகமே போட்டார். இங்கே, கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் உள்ளூர்ப் பிரமுகரைச் சீண்டியதும் விசிலடிக்கும் பையன், காதோரம் அரிதாரம் ஒட்டியிருக்கக் காலையில் கல்லூரிப் பேருந்துக்கு ஓடும் அர்ச்சுனன், இருவருமே கணக்கில் சேர மாட்டார்கள்.

இரவு முழுக்க மண்தரையில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஆர்வம் இல்லையாம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்தான் ரசிகராம்.