புரை நீங்கிய பெரியவர்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவரை அடையாளம் காணக் கறுப்புக் கண்ணாடிகூட வேண்டாம், குரலே போதும். போகும்போது, "ஏதாச்சும் ஆயிட்டா பாஸ்புக் பீரோ மேல்தட்டுல இருக்கு" என்று கம்மியிருந்த குரல், வரும்போது நாலு வீட்டுக்குக் கேட்கிறது. "அரை மணி நேரம்கூட ஆகலைய்யா! துளியூண்டு கீறல். தையல்கூடக் கிடையாது!"

டாக்டர் ஓய்வு கொடுத்தது கண்ணுக்கு. இவர் அதைக் கைக்கும் காலுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். குனியக் கூடாதாம், செருப்பை யாராவது காலருகே நகர்த்தி வைக்க வேண்டும். கனம் தூக்கக் கூடாதாம். காய்கறிப் பை, பிறகு காலிக் குடம், பிறகு குடித்து முடித்த காபி டம்ளர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஓய்வே கிடைக்காத உறுப்பு நாக்கு ஒன்றுதான்.

சொட்டு மருந்து நேரம் வந்தால் வீடே நிற்க வேண்டும். மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அவருடைய கீழ் இமையை இழுத்துப் பிடித்து, பாட்டில் முனை இமையில் படாமல் ஒரே ஒரு சொட்டு விடுவார். சரியாக அந்த நொடியில் பெரியவர் கண்ணை மூடுவார். மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குப் போகும். "ஒரு சொட்டு விடத் தெரியலை உனக்கு!" அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. அந்த ஐந்து நிமிடத்தில்தான் அடுப்பில் பால் பொங்கும்.

பார்வை தெளிந்ததும் வீட்டுத் தணிக்கை தொடங்குகிறது. கண்ணுக்குள் இருந்த லென்ஸ் வயதாகி மஞ்சளாகிக் கிடந்தவரை, வெள்ளை வேட்டியும் பழுப்பாகத்தான் தெரிந்தது. சொட்டு நீலத்தில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டதெல்லாம் அந்தக் காலத்தில்தான். இப்போது பரண் ஒட்டடை தெரிகிறது, சுவிட்சைச் சுற்றிய விரல் அழுக்கு தெரிகிறது. "இந்த வீட்டிலயா இத்தனை நாள் குடியிருந்தேன்?" என்று மருமகள் காதில் விழும்படி வியக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடியிலும் ஏராளமான சுருக்கங்கள் தெரிந்தன. அதற்கு மட்டும், "ரசம் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று தீர்ப்பாயிற்று.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்களுக்கு வகுப்பும் உண்டு. "உலகப் போர்ல விமானிங்க கண்ணுல காக்பிட் பிளாஸ்டிக் சில்லு தெறிச்சுது. அது பாட்டுக்கு உறுத்தாம உள்ளேயே கிடந்துச்சு. அதைக் கவனிச்ச ஹரால்டு ரிட்லின்னு ஒரு டாக்டர், 1949ல லண்டன்ல அதே மாதிரி பிளாஸ்டிக்ல லென்ஸ் செஞ்சு கண்ணுக்குள்ள வெச்சார். இப்போ நம்ம மதுரையிலேயே செய்யறாங்க. 1992ல ஆரம்பிச்ச ஆரோலேப் கேள்விப்பட்டதில்லை? அதே மதுரையில வெங்கடசாமி டாக்டர் 1976ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சப்போ பதினோரு படுக்கைதான்!" வந்தவர் எழுந்தாலும் விடுவதில்லை. செல்போன் டார்ச்சை அவர் கண்ணில் அடித்து, "உமக்கும் இருக்கு ஓய்! முத்தட்டும்னு காத்திருந்ததெல்லாம் அந்தக் காலம். மங்கலாயிருந்து வேலை கெட்டுதுன்னா உடனே எடுத்துடணும்" என்று அனுப்பிவைக்கிறார். இப்படியே தெருவில் நாலைந்து பேர் கண் டாக்டரிடம் போய்விட்டார்கள்.

ஒரு நாள் சொட்டு மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதுவா அதுவா என்று லேபிளோடு போராடிய மனைவி மெல்லக் கேட்டார்.

"ஏங்க, எனக்கும் கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் இருக்கு. ஒருநாள் போய்க் காட்டிட்டு வரட்டுமா?"

பெரியவர் டார்ச்சை எடுக்கவே இல்லை.

"உனக்கு இன்னும் முத்தலை. முதல்ல என் இடது கண்ணு முடியட்டும்."