சொல்லாமல் அணையும் டார்ச்

கேள்வி: கடைசிவரை ஒரே வெளிச்சம் தரும் டார்ச் வாங்கலாமா, போகப்போக மங்கும் சாதா டார்ச் போதுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: எவரெடி பேட்டரி ஆலை இயங்கிய திருவொற்றியூருக்குப் பக்கத்திலிருந்து வரவேண்டிய கேள்விதான்! நீங்கள் விசைப்படகில் போகிறவர் என்றால், அதன் இன்ஜின் அறையில் வேலை பார்க்க முதல் வகையே நல்லது. உள்ளிருக்கும் சர்க்யூட், எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைச் சீராக வைத்திருக்கும். ஆனால் பேட்டரி தீரும்போது சில மாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். நடுக்கடலில் அது ஆபத்து. சாதா டார்ச்சோ 1.5 வோல்ட் செல் இறங்க இறங்கத் தானும் மங்கி, செல்லை மாற்றச் சொல்லி நச்சரிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை இருண்டு கிடந்ததே, அப்போது தேவைப்பட்டது பிரகாசம் அல்ல, நீடித்த வெளிச்சம். வேலைக்குச் சீரானதை வாங்குங்கள். படகில் துணைக்கும் வீட்டுக்கும் சாதாவே போதும். மாற்றுச் செல்லை மட்டும் மறக்காதீர்கள்.