மனையும் அகமும்: உத்திரமேரூர் வீட்டு விதி குறித்து ஓர் ஆய்வு

பெசன்ட் நகரில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கிய ஒருவருடைய பெயரை ஓலையில் எழுதிக் குடத்துக்குள் போடலாமா, கூடாதா? சோழர் வரலாற்று ஆய்வில் இதுவரை யாரும் எழுப்பாத கேள்வி இது. அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது. எனக்கு இல்லை. அண்ணன் மகன் அங்கே வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு உத்திரமேரூரிலிருந்து எங்களை வேன் வைத்து அழைத்துப்போய், இரவே திரும்பக் கொண்டுவந்து விட்டான். சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்தான். காபியின் மேல் இலை வரைந்திருந்தது. விலை 280 ரூபாய். “காபிக்கு இல்ல சித்தப்பா, ஏரியாவுக்குத்தான் காசு” என்றான். இந்த ஆய்வு அன்றிரவே, செங்கல்பட்டு தாண்டி வேனில் தொடங்கியது.

முதன்மைச் சான்று எங்களூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆள் எடுத்த விதிகள் இவற்றில் இருக்கின்றன. ஊருக்கு யார் வந்தாலும் இதைத்தான் காட்டுவோம். 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோதுகூடப் பிரதமர் எங்களூர் பெயரைச் சொன்னார். அன்று டீக்கடையில் எல்லோர் முகத்திலும் நாங்களே பராந்தகனுக்கு யோசனை சொன்னவர்கள் போன்ற களை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் குடத்தைப் பார்க்கிறார்கள், ஓலையைப் பார்க்கிறார்கள். வீட்டை யாரும் பார்ப்பதில்லை.

குடத்துக்குள் ஓலை போவதற்கு முன் ஒருவனுக்கு என்னென்ன இருக்கவேண்டும் என்று கல்வெட்டு பட்டியல் போடுகிறது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். இன்றைய கல்விச் சலுகைகளின் ஆதி வடிவம் இதுவாக இருக்கலாம். வயது 919இல் முப்பதிலிருந்து அறுபது என்று வைத்தார்கள், 921இல் முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று திருத்தினார்கள். இரண்டு வருடத்தில் முப்பது வயதுக்காரர்கள் என்ன செய்து தொலைத்தார்கள் என்று கல்லில் வெட்டவில்லை. இவற்றுக்கு நடுவில்தான் நம் விதி உட்கார்ந்திருக்கிறது: சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பவனாக இருக்கவேண்டும். கல்வெட்டு இதற்கு இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறது. நிலத்துக்கு மனை. அதன்மேல் நிற்பதற்கு அகம்.

இந்த இரண்டாவது சொல்லில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். அகமுடையான் என்றால் வீடு உடையவன். அது தேய்ந்து ஆமுடையானாகி, ஆம்படையானாகி, கடைசியில் கணவன் என்ற பொருளில் நின்றுவிட்டது. அக்கிரகாரத்தைத் தாண்டி வந்தால் பெண்கள் கணவனை ‘எங்க வீட்டுக்காரர்’ என்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாடகை கேட்டு வருபவரையும் ‘வீட்டுக்காரர்’ என்றே சொல்கிறார்கள். ஆகவே வீடில்லாதவன் தமிழில் கணவனாக இருக்க இலக்கணப்படி வழியே இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் “சொந்த வீடு இருக்கா?” என்று என் மாமனார் கேட்டதை முப்பது வருடங்களாகப் பேராசை என்று நினைத்திருந்தேன். அவர் சொற்பிறப்பியல் பேசியிருக்கிறார்.

இனி அண்ணன் மகனை விதியின் முன் நிறுத்துவோம். அவனுக்கு அகம் உண்டு: 1,050 சதுர அடி, நான்காவது மாடி, பால்கனியில் தலையை வெளியே நீட்டி இடப்பக்கம் திருப்பினால் கடல். மனை? பத்திரத்தில் அதற்குப் பெயர் ‘பிரிக்கப்படாத பாகம்’. தரகர்கள் யுடிஎஸ் என்பார்கள். அவன் பங்குக்கு 450 சதுர அடி. அந்த 450 எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “அப்படி இடம்னு கிடையாது சித்தப்பா, மொத்தத்துலயும் கலந்திருக்கு” என்றான். உபநிடதத்தில் பிரம்மத்தைப் பற்றி இதே பாணியில் பதில் சொல்வார்கள். தென்னைக்கு இடைவெளி 25-க்கு 25 அடி என்பது எங்கள் பக்கம் சின்னப் பையனுக்கும் தெரியும். அதாவது மரத்துக்கு 625 சதுர அடி. ஆயுள் முழுக்கச் சம்பாதிக்கப்போகும் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, ஒரு தென்னங்கன்றுகூட நடமுடியாத மண்ணை அவன் வாங்கியிருக்கிறான்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். இன்று வழங்கும் அளவில் ஒரு வேலி 6.67 ஏக்கர்; சோழர் கோல் வேறு நீளம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம், நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். கால் வேலி 72,600 சதுர அடி. கிரவுண்டு கணக்கில் 30 சொச்சம். அன்றைய உத்திரமேரூரில் இருந்த குடும்புகளும், அதாவது வார்டுகளும், 30. இது வெறும் தற்செயல். ஆனால் தற்செயல் ஒன்றுகூட இல்லாத ஆய்வை யார் மதிப்பார்கள்? அந்த 72,600-ஐ 450ஆல் வகுத்தால் 161 வந்து மிச்சமும் நிற்கிறது. பெசன்ட் நகரில் 162 பேர் தங்கள் பிரிக்கப்படாத பாகங்களைச் சேர்த்துக் கட்டினால்தான் ஒரே ஒரு வேட்பாளர் தேறுவார். அவரிடமும் மூலப்பத்திரம் இருக்காது, வங்கிப் பெட்டகத்தில் இருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் வங்கியின் எம்ஓடி, அதாவது பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்த பதிவு, முன்னால் வந்து நிற்கும். அண்ணன் மகனுக்குக் கடன் தவணை இன்னும் இருபது வருடம். அவனுக்கு இப்போது 38. பத்திரம் கைக்கு வரும்போது 58. நல்லவேளை, 921ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பன்னிரண்டு வருடம் மிச்சம் இருக்கிறது.

இன்னொரு விதி அவன் குடியிருப்புக்குப் பொருந்துவதையும் குறிப்பிடாமல் விடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனைக் கல்வெட்டு விலக்குகிறது. அவனை மட்டுமல்ல, அவனுடைய அப்பா, பிள்ளை, மாமன், மருமகன், பெண்டாட்டி கூடப்பிறந்தவன் என்று நீளமாக விலக்குகிறது. அண்ணன் மகனின் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் லிஃப்ட் பழுதுபார்த்த கணக்குக் கேட்டு மூன்று மாதமாகச் சண்டை. கல்வெட்டை அப்படியே படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். “ஹெரிடேஜ்! சூப்பர்!” என்று செயலாளர் கட்டை விரலை உயர்த்தினாராம்.

ஏரியா என்ற சொல்லுக்கும் வருவோம். அது ஆங்கிலம் என்று அகராதி சொல்கிறது. ஏரியிலிருந்து வந்தது என்பது என் கருதுகோள். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து எழுந்த இடம். நுங்கம்பாக்கம் ஏரி போன இடத்துக்கு இன்றுவரை பெயர் லேக் ஏரியா, அதாவது ஏரி ஏரியா. இதைவிடத் தெளிவான சான்று எந்த அறிஞருக்குக் கிடைத்திருக்கிறது? உத்திரமேரூரிலோ ஏரி வாரியம் என்று ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து ஏரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்களூர் ஏரி இன்னும் ஏரியாகவே கிடக்கிறது. அதனால்தான் இங்கே காபி 15 ரூபாய்.

இதுவரை அகம் இருந்து மனை இல்லாதவர்களைப் பார்த்தோம். மறுபக்கத் தரவைத் திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். ஊருக்கு வெளியே ஒரு புதிய மனைப்பிரிவு. வாசலில் இரண்டு யானைகள் வைத்த வளைவு, உள்ளே ஆளில்லாத தார் சாலைகள், வரிசையாக மஞ்சள் கற்கள். 2016 செப்டம்பருக்கு முன் இப்படி வளைவெல்லாம் தேவைப்படவில்லை. வயலில் நாலு கல் நட்டால் போதும், விற்றுவிடலாம். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் கல்லுக்கும் மரியாதை வந்தது, டிடிசிபி எண், ரேரா எண் எல்லாம் பலகையில் ஏறின. பூங்காவுக்கென்று ஒதுக்கிய மூலையில் ஒரு சறுக்குமரம். சறுக்கக் குழந்தை வேண்டும், குழந்தைக்கு வீடு வேண்டும். 47ஆம் எண் மனைக் கல்லில் ஒரு பசு கட்டியிருந்தது. அன்றைய தேதிக்கு அந்த நகரின் ஒரே நிரந்தரக் குடிவாசி அதுதான்.

பசுவுக்குச் சொந்தக்காரக் கிழவி வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். “எங்க மாமனார் காலத்துல இதுல மல்லாட்ட போட்டோம். நாலு வருசமா கல்லு போடுறாங்க” என்றாள். “கல்லுதான் நல்லா வெளையுது.”

ஷாமியானாவுக்குக் கீழே சென்னையிலிருந்து இலவச வேனில் வந்தவர்கள். தொப்பி போட்ட பையன் ஒருவன், “காஞ்சிபுரம் அரை மணி நேரம் சார், செங்கல்பட்டு அரை மணி நேரம் சார், பரந்தூர்ல ஏர்போர்ட் வருது சார்” என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். ‘சென்னைக்கு மிக அருகில்’ என்ற அளவையைப் பற்றி முந்தைய ஆய்வாளர்கள் போதுமான அளவு சிரித்துவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை. என் காதில் விழுந்தது ஓர் அம்மா தன் கணவரிடம் தணிந்த குரலில் சொன்னது: “இங்க யாருங்க வந்து இருக்கப்போறா? பையன் பேர்ல வாங்கிப் போட்டு வைப்போம்.” மனை உண்டு. அகம் இல்லை, எண்ணமும் இல்லை. இவர்களுடைய ஓலையும் குடத்துக்குள் போகாது.

குடம் என்றதும் இன்னொரு நிறுவனம் நினைவுக்கு வருகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம். வாரியம் என்ற சொல் எங்களூர்ச் சுவரில் இருந்து நேராக இறங்கி வந்ததுபோல் இருக்கிறது. சீட்டுக் குலுக்கலும் அப்படியே. தலைகீழாக இருப்பது ஒன்றுதான். 919இல் சொந்த வீடு வைத்திருப்பவனுக்குத்தான் குலுக்கலில் பெயர். குலுக்கல் அவனை வாரியத்துக்கு அனுப்பியது. இன்று வாரியமே குலுக்கல் நடத்தி வீடு கொடுக்கிறது. சொந்த வீடு வைத்திருந்தால் பல திட்டங்களில் பெயரையே சேர்க்கமாட்டார்கள். ஆயிரம் வருடத்தில் ஒரு குடத்தை இவ்வளவு துல்லியமாகக் கவிழ்த்த நாகரிகம் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பழையதே நல்லது என்று நான் சொல்லவருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குடத்துக்குள் போன ஓலைகள் எல்லாமே ஆண்களின் ஓலைகள், எல்லாமே சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர்களின் ஓலைகள். ஏரி வெட்டியவன், களை பறித்தவள், 47ஆம் எண் கிழவியின் முப்பதாவது பாட்டி, யாரும் அதில் இல்லை. தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம், யார் உள்ளே வரலாம் என்று கல்லில் வெட்டிய விதி: இன்றைய தரகர் இதற்கு ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று ஆங்கிலத்தில் பலகை வைத்திருப்பார். ட்ரெண்டி ஏரியா என்று தனியாக ஒன்றைத் தேடி அண்ணன் மகன் பெசன்ட் நகர் போயிருக்கவேண்டியதில்லை. பதினொரு நூற்றாண்டு தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்ததும் ஷாமியானாவில் பரிசுக் குலுக்கல். ஒரு கிராம் தங்கக் காசு. நான் எதிர்பார்க்கவே இல்லை, சிவப்பு பிளாஸ்டிக் குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் குடம்தான், அடியில் ஈரம் இருந்தது. வேன் டிரைவரின் மகன், ஏழு எட்டு வயதுப் பையன், சீட்டு எடுக்கத் தயாராக நின்றான். கல்வெட்டிலும் சிறுவன்தான் எடுக்கிறான். வாங்குகிறவன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும், எல்லோர் முன்னும் உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சீட்டு வாங்கிப் பெயர் எழுதப் போனேன்.

“சார் எந்த ஊர்?” என்றான் தொப்பிக்காரன்.

“இதே ஊர்தாம்பா. பெருமாள் கோயில் பக்கத்துத் தெரு.”

“லோக்கலா?” சீட்டை மெதுவாக என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான். “லோக்கல் ஆளுங்க இதுல போடக்கூடாது சார். வெளியூர் கஸ்டமருக்கு மட்டும்தான்.”

எனக்கு 56 வயது, சொந்த மனை, அதில் சொந்த வீடு, வில்லங்கம் கிடையாது என்று சொன்னேன். நிலம் கால் வேலிக்குக் குறைவு என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். மேசைக்கு அடியில் குனிந்து ஒரு பிரியாணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

“முட்டை தீர்ந்துடுச்சு சார்” என்றான்.