வீடியோ கால் இன்ஸ்பெக்டர்

நிஜ இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். நடந்தாலும், "ஐயா பந்தோபஸ்து டூட்டி, நாளைக்கு வாங்க" என்று ரைட்டர் தலையைத் தூக்காமல் சொல்லுவார். வீடியோ கால் இன்ஸ்பெக்டர் அப்படிப்பட்டவரல்ல. காலைக் காப்பி ஆறுவதற்குள் அவரே வாட்ஸ்ஆப்பில் வந்து நிற்பார். காவல்துறை உங்கள் நண்பன் என்பதை இவர் அளவுக்கு யாரும் கடைப்பிடித்ததில்லை.

எல்லைத் தகராறும் இவரிடம் கிடையாது. பைக் காணாமல் போனால் "அந்தத் தெரு எங்க லிமிட்ல வராதுங்க" என்பது நிஜ ஸ்டேஷன். இவரோ மும்பை கிரைம் பிராஞ்சில் இருந்தபடியே மன்னார்குடி ரிடையர்டு வாத்தியாரைக் கைது செய்துவிடுவார். மும்பை என்பதும் அவர் வாய்ச்சொல்தான். கம்போடியாவிலோ மியான்மரிலோ ஒரு கட்டடத்துக்குள் இருந்துகூடப் பேசிக்கொண்டிருப்பார்.

ஆள் தோரணை பலே! பின்னால் தேசியக் கொடி, சுவரில் காந்தி, நடுநடுவே வாக்கி டாக்கி இரைச்சல். தோளில் மூன்று நட்சத்திரம். கேமராவில் இடுப்புக்கு மேலேதான் காக்கி. கீழே லுங்கியா பெர்முடாவா என்பது தனி விசாரணைக்கு உரியது.

கைவசம் கதைகளும் உண்டு. உங்கள் ஆதாரைக் காட்டி யாரோ தைவானுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே பாஸ்போர்ட்டும் போதைப்பொருளும். அல்லது உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் கறுப்புப் பணம். அதனால் நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. கேமராவை அணைக்கக் கூடாது. வீட்டுக்காரம்மாவிடம் மூச்சு விடக் கூடாது, தேச ரகசியம். பாத்ரூம் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

இப்படி அரை நாள் உருட்டி மிரட்டிய பிறகு அவருக்குக் கருணை சுரக்கும். "பார்த்தா நல்ல குடும்பத்து ஆள் மாதிரி தெரியறீங்க. இருக்கிற பணத்தையெல்லாம் நான் சொல்ற கவர்ன்மென்ட் அக்கவுண்டுக்கு அனுப்புங்க. சரிபார்த்துட்டுத் திருப்பிப் போட்டுடுவோம்." ரசீதும் உண்டு. சிங்க முத்திரை, கையெழுத்து, நாலைந்து எழுத்துப் பிழை, எல்லாம் சேர்த்து.

தேவைப்பட்டால் கோர்ட்டையே கொண்டுவருவார். 2024-ல் லூதியானாவின் பெரிய ஜவுளிக் குழுமத் தலைவர் ஒருவருக்கு ஆன்லைனில் உச்ச நீதிமன்றத்தையே நடத்திக் காட்டி, தலைமை நீதிபதி வேஷத்துக்கும் ஆள் பிடித்து, 7 கோடி ரூபாயைக் கறந்தார்கள். அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீண்டது. நிஜக் கோர்ட்டில் வாய்தா வாங்கியே வயதானவர்களுக்கு இந்த வேகம் ஒன்றே சந்தேகம் தந்திருக்கும்.

இவருடைய வாடிக்கையாளர்கள் யார்? "எங்க பரம்பரையிலேயே யாரும் ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்லை" என்று பெருமைப்படும் கௌரவஸ்தர்கள்தான். மிதிக்காததால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாது. ஜெயிலைவிட அக்கம்பக்கத்துக்குப் பயம். அந்தப் பயம்தான் இன்ஸ்பெக்டருக்கு முழு முதல்.

வாசப்படி மிதித்தவர்களிடம் இவர் பாச்சா பலிக்காது. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனுக்கு ஒருநாள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"உம் மேல பெரிய கேஸ் இருக்கு."

"எந்த கேஸ் சார்? ஓவர்லோடா, நோ பார்க்கிங்கா?"

"விளையாடாதே, உடனே அரெஸ்ட் பண்ணுவோம்!"

"பண்ணுங்க சார். எந்த ஸ்டேஷன்னு சொன்னா நானே வண்டியை எடுத்துட்டு வந்துடறேன், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? இல்லாட்டி ஒரு நிமிஷம் இருங்க, நம்ம ஏட்டய்யா இங்கதான் டீ குடிச்சிட்டிருக்காரு, பேசுறீங்களா?"

லைன் கட். குற்றவாளி ஸ்டாண்டிலேயே இருக்க, இன்ஸ்பெக்டர் தலைமறைவாகிவிட்டார்!

அண்ணனுக்குச் சட்டம் தெரியாது, போலீஸைத் தெரியும். நமக்கு இரண்டும் கொஞ்சம் தெரிந்தால் போதும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. எந்தப் போலீசும் விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. இந்த மோசடிகளை விசாரிக்கும்படி 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சிபிஐக்கு உத்தரவிட்டிருக்கிறது.

ஆகவே, அழைப்பு வந்தால் மரியாதை பார்க்காமல் துண்டியுங்கள். ரகசியம் என்று அவர் சொன்னதை முதல் வேலையாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிக்கொண்டிருக்கும்.